சாங்ஷாவுக்குப் போகாமலிருக்க ஒரு பாஸ்போர்ட்

ஷென் குவாங்யூ தமது ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு சபதம் எடுத்தார். இந்த முறை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை.

சபதத்தை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் இருந்தால் சபதம் எதற்கு?

காரணம் நண்டு. ஏரி நண்டுகளுக்குச் சினை முட்டிக்கொண்டு நிற்கும் மாதம் இது. ஷென்னின் சொந்த ஊரான சூசோவில், பஞ்சாலையில் கூட வேலை பார்த்த பான் தாஹுய் இன்று சாயங்காலம் பழைய நண்பர்களைக் கூட்டி, நண்டு அவித்து, அரிசி மதுவைச் சுடவைத்துக் காத்திருப்பான். டொரண்டோவில் பத்தொன்பது வருஷம் இந்த ஒரு சாயங்காலத்துக்காக ஏங்கியவர் ஷென். ஷாங்காயிலிருந்து சூசோ அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான்.

மாமியார் இருப்பது சாங்ஷாவில். எதிர்த் திசையில் ஐந்து மணி நேரம். அங்கே ஒன்பது நாள் மிளகாய். குழம்பில் மிளகாய் என்றால் பரவாயில்லை. அங்கே மிளகாயில்தான் கொஞ்சம் குழம்பு இருக்கும். மாமியார் தம் கையால் எடுத்துத் தட்டில் வைப்பார். வைத்தது வயிற்றுக்குள் போகிறவரை கண்ணை எடுக்கமாட்டார். போன முறை தின்றதற்கு டொரண்டோ டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"நான் ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"அம்மாகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள் மனைவி சுன்லான். பேச்சு அதோடு முடிந்தது.

ஆகவே பாஸ்போர்ட்டில் கை வைத்தார். ஷென் கனடாக்காரராகிப் பல வருஷம் ஆகிறது. சுன்லான் சீனக் குடியுரிமையை விடவில்லை. அவள் அடையாள அட்டையை வைத்தால் ரயில் நிலையக் கதவு தானாகத் திறக்கும். இவர் ஓரத்துக் கதவில் நிற்கும் ஆளிடம் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். டிக்கெட் எடுத்த எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சுன்லானின் போனில் இருந்தது பழைய பாஸ்போர்ட் எண். ஷென் டொரண்டோவைவிட்டுக் கிளம்பும் முன்பே, சத்தமில்லாமல் புதிது வாங்கிவிட்டார்.

ஷாங்காய் ரயில் நிலையத்தில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது.

"ஐயா, இந்தப் பாஸ்போர்ட்ல இந்த வண்டிக்கு டிக்கெட் இல்லையே" என்றாள் கதவில் நின்ற பெண்.

"இல்லையா!" ஷென் நெஞ்சில் கை வைத்தார். "ஐயய்யோ, சுன்லான், பழைய நம்பர்ல எடுத்துட்டியா? புதுசு வாங்கினதை உங்கிட்ட சொல்லலையா நான்?"

"சொல்லலையே."

"மறதி. வயசாச்சில்ல? சரி, அம்மா காத்திட்டிருப்பாங்க, நீ கிளம்பு. நான் கவுன்ட்டர்ல வேற டிக்கெட் எடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

"இன்னிக்குக் கிடைக்கலைன்னா?"

"நாளைக்கு. அப்பவும் இல்லைன்னா நாளன்னிக்கு. நீ கவலைப்படாதே."

"நான் ஏன் கவலைப்படப் போறேன், லாவோ ஷென்? வயித்து மாத்திரை உங்க பையிலதான் இருக்கு. மறக்காம போட்டுக்குங்க."

'லாவோ' என்றால் கிழவர்; செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் குரலில் கோபமே இல்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அதுதான் முதலில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனம் நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடும் என்று, திரும்பாமலே நடந்தார்.

"சூசோவுக்கு ஒண்ணு. உடனே போற வண்டி" என்று கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "தர முடியாது ஐயா. உங்க பேர்ல மூணு மணி வண்டிக்கு சாங்ஷா டிக்கெட் இருக்கு."

"இந்தப் பாஸ்போர்ட்லயா?"

"இதே பாஸ்போர்ட்லதான். முந்தாநாள் எடுத்திருக்கு. ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு வண்டியில எப்படிப் போவீங்க?"

முந்தாநாள். ஷென்னுக்கு ஞாபகம் வந்தது. ஷாங்காயில் தங்கை வீட்டில் வந்திறங்கிய மறுநாள், அயல்நாட்டான் தங்கியிருக்கிறான் என்று போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. "நீங்க படுத்துக்குங்க, நான் போய்ப் பதிஞ்சிட்டு வரேன்" என்றாள் சுன்லான். இவரும் சோபாவில் படுத்தபடியே புதுப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

"அந்த டிக்கெட்டை ரத்து பண்ணிடும்மா."

"பண்ணலாம். பண்ணினதும் எடுத்தவங்க போனுக்குச் செய்தி போயிடும். பண்ணிடவா?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"வேணாம்மா" என்றார்.

மூன்று மணி வண்டி பறந்தது. பெட்டியில் வேகத்தை வேறு எழுதிக் காட்டினார்கள். ஒவ்வொரு நொடியும் நண்டு எவ்வளவு தூரம் விலகுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பானுக்குப் போன வருஷம்தான் இருதயத்தில் அறுவை சிகிச்சை. அடுத்த முறை வரும்போது யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள்? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஒரே ஒரு ஆறுதல், சாப்பாட்டு மேஜையில் தமக்கும் மாமியாருக்கும் நடுவில் சுன்லான் உட்காருவாள்.

இருட்டுகிற நேரத்தில் சமாதானக் கொடியோடு அவளுக்குப் போன் போட்டார்.

"வண்டியிலதான் வரேன். நீ போய்ச் சேர்ந்துட்டியா?"

"நான் எப்பவோ வந்துட்டேன். உங்களைக் கூப்பிட அம்மாவே ஸ்டேஷனுக்கு வந்து நிக்கறாங்களாம்."

"நீயும் கூட வருவேல்ல?"

"எனக்கு ஞாயித்துக்கிழமைக்குத்தான் டிக்கெட். ஒன்பது நாள் எங்கம்மாவோட இருக்க என்னாலயும் முடியாது, லாவோ ஷென்."

போனில் ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எதையோ யாரோ உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சுன்லான், நீ எங்கே இருக்கே?"

"சூசோவுல. பான் அண்ணன் நம்ம ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டிருந்தாராம், நீங்கதான் எனக்குச் சொல்ல மறந்துட்டீங்க. இப்ப என்னடான்னா, உங்க பங்கு நண்டையும் நானே சாப்பிடணும்னு அடம் பிடிக்கறாரு!"