கடலை நினைக்கச் சொன்ன ஆன்லின் அக்காவுக்கு

அன்பும் மரியாதையுமுள்ள ஆன்லின் அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக் கடலை நினைத்தபோது நான் முதலில் கவனித்தது, அதில் அப்பாவின் வள்ளம் இல்லை என்பதுதான். சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்ததற்கு மன்னிக்கவும். இங்கே உவரியில் என் அடிவயிறு தவிர எல்லோரும் சுகம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

மாதாமாதம் வலியில் இரண்டு நாள் நான் தையல் கடைக்குப் போவதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அந்த மெஷின்தான் எல்லாம். கடைக்கார ஜெபராணி அக்காவோ, "இந்த மாசமும் லீவு போட்டா மெஷினை வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தைச் சொல்லலாமென்றால் அவர்கள் வீட்டுக்காரர் எந்நேரமும் எதிரிலேயே நின்று துணி வெட்டுகிறார். அதனால்தான் மூச்சை மெதுவாக விட்டு, கடற்கரை மாதிரி அமைதியான ஓர் இடத்தை நினைத்தால் வலி குறையும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்ததை நீங்கள் சொன்னதும் பிடித்துக்கொண்டேன். நேற்று வலி வந்ததும் மெஷினில் உட்கார்ந்தபடியே மூச்சு விட்டேன், கடல் வந்தது, வள்ளம் வரவில்லை, நினைப்பிலேயே காற்று வேறு கூடிவிட்டது, என்னையறியாமல் "ஐயோ, அப்பா கரையேறலையே!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான். கடையில் இருந்த ஐந்து பேரும் போட்டதைப் போட்டபடி கடற்கரைக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன், வழியில் அம்மா எதற்கென்று தெரியாமலே அழுதுகொண்டு சேர்ந்துகொண்டாள். அப்பா டீக்கடையில் பருப்பு வடையோடு நின்றார்.

"ஏட்டி, இப்ப யாரு செத்தா? எல்லாரும் எங்க ஓடுதிய?"

"மெஷின்ல தூங்கிக் கனவு கண்டியாக்கும்?" என்றார்கள் ஜெபராணி அக்கா. தலையாட்டினேன். உண்மையைச் சொல்வதைவிட அது லேசாக இருந்தது. "அப்ப வீட்டுலயே தூங்கு. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்."

உங்கள் மேல் குறை இல்லை அக்கா. பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் கடல் அமைதியான இடமாக இருக்கலாம். எங்களுக்கு அது அப்பா வேலைக்குப் போகிற இடம். உயிரே போனாலும் அந்தக் கடையில் என் வாயால் காரணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே நீங்களே ஜெபராணி அக்காவுக்குப் போன் போட்டு எனக்கு டைபாய்டு என்று சொல்லிவிடவும். பெரியம்மாவுக்கு என் தோத்திரம். அந்தோணியார் உங்களைப் பரீட்சையில் காப்பாற்றுவார்.

இப்படிக்கு,
உங்கள் சித்தி மகள் சகாய ஷைனி

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் கடையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தபோது மறுபடி வலித்தது. மூச்சை மட்டும் மெதுவாக விட்டேன், எதையும் நினைக்கவில்லை. எழுந்து போய், அக்கா வீட்டுக்காரர் கத்திரியோடு எதிரில் நிற்கும்போதே, "அக்கா, எனக்கு மாசவிலக்கு. வலி தாங்கல. அரைமணி நேரம் படுத்துட்டு வந்து தைக்கேன்" என்றேன். பதிலுக்கு நிற்காமல் துணிக்கட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டேன்.