எரியுதா அண்ணாச்சி

தூத்துக்குடியில் கடலை நம்பி வள்ளம் தள்ளுகிறவர்கள் உண்டு. மழை வராது என்று நம்பி உப்பைக் குவித்து வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் "கார் சார்ஜர் காலியாக இருக்கிறது, வரலாம்" என்று போனில் வந்தால், "பொய் சொல்லுதான்" என்று அந்தப் போனையே முறைக்கிற மனுஷர் உலகத்தில் ஒருத்தர்தான். எங்கள் தெரு எரியுதா அண்ணாச்சி.

அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய கரண்டு கார் வைத்திருந்தார். மதுரைக்குப் போவதென்றால் வழியில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றியாக வேண்டும். யார் சவாரிக்குக் கூப்பிட்டாலும் முதலில் போனை எடுப்பார். கம்பெனிக்கு இல்லை. சார்ஜர் பெட்டிக்குப் பக்கத்தில் டீ ஆற்றுகிறவருக்கு, பஞ்சர் ஒட்டுகிறவருக்கு.

"ஏலே, பெட்டில லைட்டு எரியுதா? கண்ணால பாத்துச் சொல்லு."

கல்யாண வீட்டுக் கூட்டம் பட்டுச்சேலையோடு வியர்த்து நிற்கும். "அண்ணாச்சி, நாம பொண்ணு பாக்கப் போறோமா, லைட்டு பாக்கப் போறோமா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "பொண்ணு எங்கயும் போவாது. லைட்டு போயிரும்" என்றார்.

சார்ஜர் கம்பெனிகளுக்கு அவரே பேர் வைத்திருந்தார். ஒருத்தன் மைனர்: பளபளப்பு, படுவேகம், போய் நின்றால் ஆளைக் காணோம். இன்னொருத்தி அத்தை: முதலில் துட்டு போடச் சொல்வாள், அப்புறம் சிக்னல் இல்லை என்பாள். மூன்றாவது கிழவன்: சொட்டுச் சொட்டாகத்தான் கொடுப்பான், ஆனால் கொடுப்பான்.

தெருவே சிரித்தது. சிரித்தவர்களுக்கு அவர் மனைவி போன கதை தெரியாமல் இல்லை.

நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டு போயிருக்கிறார். அப்போது அவரும் நம்மைப் போலப் போனை நம்பிய ஆள்தான். மைனர் காலி என்று காட்டியது; போனால் பெட்டி செத்துக் கிடந்தது. அத்தையிடம் போனால் சிக்னல் இல்லை. தட்டுத் தடுமாறிக் கிழவனிடம் வந்தால், அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் கார். பக்கத்து ஓட்டலுக்குள் ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருத்தர் தோளையும் தொட்டு, "வெளிய நிக்குத கார் உங்களுதா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் கை கழுவிவிட்டு வந்து காரை எடுத்தபோது, இவருக்குச் சார்ஜ் தேவைப்படவில்லை.

போன வருஷம் மதுரையில் என் அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது என்று தகவல் வந்தது. அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டேன். எட்டயபுரம் நெருங்கும்போது மைனர் சார்ஜர் கண்ணில் பட்டது. போனிலும் காலி என்றே காட்டியது. அண்ணாச்சி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"நிறுத்துங்க அண்ணாச்சி! கிழவன்ட்ட போயி உக்காந்தா எங்க அக்கா காத்துக்கிட்டா இருப்பா?"

"ஆச்சி, கொஞ்சம் வாய மூடிட்டு வாரீயளா?"

என்னை அப்படிச் சொன்ன ஆம்பிளை என் புருஷன்கூடக் கிடையாது. மூடிக்கொண்டேன். மூடிய வாயோடு திரும்பிப் பார்த்தேன். மைனர் பெட்டிக்கு முன்னால் ஒருத்தன் காரை விட்டு இறங்கி அதை ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தான்.

கிழவன் இருந்த இடத்தில் கார் நிற்கிற கட்டத்தை மறித்து இளநீர்க் குலைகள் கிடந்தன. அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இளநீர் விற்கிறவள், பேர் செல்வி.

"எத்தன பேரு வந்து ஹாரன் அடிச்சிட்டான் தெரியுமா அண்ணாச்சி? நவுந்தனா பாருங்க!"

"லைட்டு?"

"எரியுது, எரியுது."

மதுரையில் அக்காவுக்குப் பேச்சில்லை. என் கசங்கின சேலையைப் பார்த்து முகம் சுளித்தாள். உயிரோடுதான் இருந்தாள் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பொழுது சாயும் முன் போய்விட்டாள். அவள் கை என் கைக்குள் இருந்தது.

அண்ணாச்சி இந்த வருஷம் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே. பிள்ளை குட்டி இல்லாத மனுஷர், பாடையைத் தூக்கத் தெரு ஆட்கள் போதுமா என்று நாங்கள் முழித்தோம். பார்த்தால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டீக்கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், பூக்காரி. பாதிப் பேர் அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"இவியதானா? குரல வச்சி நல்லா உயரமா இருப்பாவன்னு நெனச்சேன்" என்று டீக்கடைக்காரர் அழுதார்.

செல்வி மூலையில் நின்றாள். "சவாரி இல்லாட்டாலும் காலைல போன் போட்டுக் கேப்பாவ ஆச்சி. இனிமே எரியுதுன்னு நான் யார்ட்ட சொல்லுதது?"

என் நம்பரைக் கொடுத்தேன்.

எனக்குக் கார் கிடையாது. மதுரையில் அக்காவும் கிடையாது. ஆனாலும் காலையில் போன் அடிக்கிறது.

"எரியுது ஆச்சி."

"சரி தாயி. அண்ணாச்சிட்ட சொல்லிருதேன்."