மருந்துக் கடை மாடியில் என் நடிப்பு

"அம்மா, இன்னிக்கு எந்த அப்பா வருவாரு?"

கதவுக்கு உள்ளேயிருந்து என் மகள் கேட்டாள். கதவுக்கு வெளியே சாவியும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரே ஒரு அப்பாதான். அந்த ஒருவனும் நான்தான்.

"செருப்பைக் கழட்டுற சத்தத்துல தெரிஞ்சிடும் கண்ணு," என்றாள் என் மனைவி. "நல்ல அப்பான்னா இங்கேயே உக்காந்து படம் வரை. இன்னொருத்தர்னா பென்சிலை எல்லாம் எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிடு."

நான் செருப்பை மிக மிக மெதுவாகக் கழற்றினேன்.

"சத்தமே வரலையேம்மா. இது மூணாவது அப்பாவா?"

உள்ளே போனேன். கூடத்தில் யாரும் இல்லை. மேஜையில் ஒரு பச்சைப் பென்சில் மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறாள். பெற்ற மகள், என் காலடி கேட்டுப் பென்சில்களோடு ஓடி ஒளிகிறாள்!

கை கழுவுவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். இந்தக் குடும்பத்தைப் பழுது பார்த்தே தீருவது.

பழுது பார்ப்பதுதான் என் தொழில். நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட் நின்றுபோனால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக அதில் கை வைத்தது யார் என்பதுதான். ஏழு வயதுக் குழந்தைக்கு அப்பாவை இரண்டாகப் பிரிக்கத் தானாகத் தெரியுமா? யார் பிரித்துக் கொடுத்தது? அவளுடைய அம்மா. ஆகவே கோளாறு என் மனைவியிடம். தர்க்கத்தில் ஊசி நுழைய இடமில்லை.

வேறு ஆதாரமும் இருந்தது. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். கொஞ்ச நாளாக "சரிங்க" என்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனபின் "சரிங்க" என்று சொல்லும் மனைவி, மனநலத்தோடு இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் சர்வீஸுக்குப் போகும் கட்டடங்களில் ஒன்றின் மூன்றாம் மாடியில், மருந்துக் கடைக்கு மேலே, குடும்ப நல ஆலோசனை என்று ஒரு பலகை உண்டு. எங்கள் பகுதியில் அப்படி இருப்பது அந்த ஒன்றுதான். குளியலறைக்குள் போய், தாழிட்டு, யாருக்கும் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, பலகையிலிருந்து எடுத்துவைத்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"மேடம், பிரச்சினை என் மனைவிக்கு. நேரடியாச் சொன்னா வரமாட்டா. அதனால நான் நோயாளி மாதிரி வர்றேன், அவ துணைக்கு வருவா. என்கிட்ட பேசற மாதிரி பேசி அவளைச் சரி பண்ணிடுங்க!"

மறுமுனையில் ஆலோசகர் நிதானமாகக் கேட்டார்.

"நீங்க நோயாளியா நடிப்பீங்க. அப்படித்தானே?"

"ஆமாம்."

"நடிப்பு வருமா உங்களுக்கு?"

"கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு மேடம்."

"சரி, சனிக்கிழமை வாங்க. ஆனா ஒண்ணு. நான் யாரையும் ஏமாத்த மாட்டேன். உங்க மனைவி என்னைக் கேட்டா, நடந்ததை அப்படியே சொல்லிடுவேன்."

"அவ கேக்கவே மாட்டா மேடம். அப்பாவி."

குழாயை மூடினேன். முதல் கட்டம் வெற்றி.

இரண்டாம் கட்டத்தைத் துணி மடிக்கும் நேரத்தில் தொடங்கினேன்.

"இந்தாம்மா, எனக்கு மனசு சரியில்லை."

அவள் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்ன பண்ணுது?"

இந்தக் கேள்விக்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"ஒரு மாதிரியா இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு மாதிரின்னா ஒரு மாதிரிதான். ஆலோசகர் ஒருத்தங்க இருக்காங்க. போய்ப் பேசிட்டு வரலாம்னு பாக்கறேன்."

"நீங்களா?"

"நானேதான்."

"பல்லு வலிச்சப்போ, பல் டாக்டர் இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டேன்னு ஊரைச் சுத்திப் போனீங்களே, அந்த நீங்களா?"

"அது பல்லு. இது மனசு."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"துணைக்கு வா. சும்மா பக்கத்துல உக்காரு."

"நான் பேசணுமா?"

"ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"உங்களுக்காகன்னா வர்றேன்," என்று சட்டையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினாள்.

இவ்வளவு லேசாகத் திறந்துகொள்ளும் கதவை ஒரு மெக்கானிக் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை, மகள் குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். சின்ன அறை. மூன்று நாற்காலி, ஒரு மண் தொட்டிச் செடி, மேஜைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரமே இல்லாத முகம்.

"சொல்லுங்க," என்றார்.

நடிப்பைத் தொடங்கினேன். வரும் வழியிலேயே நோய்க்குறிகளை யோசித்து வைத்திருந்தேன். ஏனோ ஒவ்வொன்றும் தேடாமலே கிடைத்திருந்தது.

"தூக்கம் வர்றதில்லை மேடம். ஒரு மாசமா."

"கோடை ஆரம்பத்துலேருந்துங்க," என்று திருத்தினாள் மனைவி.

"ஆங், கோடையிலேருந்து. அப்புறம் சின்னச் சத்தத்துக்கும் கோவம் வருது. ஸ்பூன் விழுந்தாக்கூடக் கத்தறேன்."

"பென்சில் விழுந்தாலும்."

சொல்லிக்கொடுக்காமலே என்னமாய் ஒத்து ஊதுகிறாள்! பாவம், முழுக்க நம்பிவிட்டாள். எனக்கு உற்சாகம் பிறந்தது.

"வேலை முடிஞ்சு வந்து வண்டியை நிறுத்திட்டு, இறங்காம அது மேலேயே உக்காந்திருக்கேன். வீட்டுக்குப் போகணும்னே தோணறதில்லை."

இதற்கும் அவள், "தெரியும். ஜன்னல்லேருந்து பாப்பேன்," என்றாள். "குட்டியும்தான்."

நான் ஆலோசகரைப் பார்த்துக் கண்ணடித்தேன், கேஸ் பிடிபடுகிறது பாருங்கள் என்கிற மாதிரி. அவர் திரும்பக் கண்ணடிக்கவில்லை.

"வண்டி மேல உக்காந்திருக்கும்போது மனசுல என்ன ஓடும்?"

இதற்கு நான் எதையும் தயார் செய்து வரவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கதவைத் தட்டுற சத்தம் கேக்கும்."

"எந்தக் கதவு?"

"ஒரு குடியிருப்புல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு மேடம். உள்ளே ஒரு குழந்தை. தனியா. எங்க குட்டி வயசுதான் இருக்கும். கதவைத் தட்டித் தட்டி, 'மாமா, இருக்கீங்களா? மாமா, இருக்கீங்களா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நானும் 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பிரேக்கைக் கையால விடுவிக்கணும்னா மொட்டை மாடியில மெஷின் ரூமுக்குப் போகணும். போனேன். அங்கேருந்து பதில் சொன்னா அதுக்குக் கேக்காது. ஆனா அது தட்டுறது எனக்குக் கேட்டுச்சு."

அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. வெளியே வந்ததும் ஓடிப் போய் அவங்க அம்மாகிட்ட பலூன் கேட்டுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை மேடம். அதனாலதான் வீட்டுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு... எங்க குட்டி பென்சிலால மேஜையைத் தட்டுவா. விளையாட்டுக்குத்தான். எனக்கு அந்தக் கதவுதான்..."

அதற்கு மேல் வசனம் வரவில்லை. ஆலோசகர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் காட்சி திட்டத்திலேயே இல்லை.

"நடிப்பு கொஞ்சம் ஓவராப் போச்சு," என்றேன், மூக்கைத் துடைத்தபடி.

"இல்லை, சரியான அளவுலதான் இருக்கு," என்றார் ஆலோசகர். "நிறையப் பேருக்கு இப்படி ஆகும். யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா, கூட இருந்தவருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்லை. பேசப் பேசக் குறையும். ஒரே நாள்ல தீராது, வாரா வாரம் வரணும்."

நான் விடவில்லை. வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே!

"சரி மேடம். வந்தது வந்தோம், இவளையும் ரெண்டு கேள்வி கேட்டுடுங்களேன்."

ஆலோசகர் அவளைப் பார்த்தார். அவள், "நானே சொல்லிக்கறேன் மேடம்," என்று எழுந்தாள்.

வெளியே வராந்தாவில், லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"நான் இங்க ரெண்டு மாசமா வர்றேங்க. வியாழக்கிழமை தோறும்."

"வியாழக்கிழமை உனக்குத் தையல் வகுப்பாச்சே!"

"ரெண்டு மாசம் தையல் படிச்சவளோட புருஷன் சட்டையில நடு பட்டன் இல்லையேன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

குனிந்து பார்த்தேன். பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு இருந்தது.

"எதுக்கு வந்தே?"

"உங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு கேக்கத்தான் முதல்ல வந்தேன். அவங்க, 'அவர் இருக்கட்டும், நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டாங்க. அப்படி ஒருத்தர் கேட்டு ரொம்ப நாளாச்சா, உக்காந்து அழுதுட்டேன். அன்னிலேருந்து எனக்காகத்தான் வர்றேன்."

ஊக்கை இழுத்துச் சரிசெய்தேன். ஆனாலும் தன்மானம் என்று ஒன்று உண்டு.

"அப்போ என் திட்டம்?"

"குளியலறை ஜன்னல் நம்ம அடுப்புக்கு மேலதான் திறக்குது. குழாயை வேற திறந்து விட்டீங்களா, அந்தச் சத்தத்துக்கு மேல கத்திப் பேசினீங்க. மாடி வீட்டுக்காரங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பொண்டாட்டியைச் சரி பண்றதுக்குன்னாத்தான் படி ஏறுவீங்க. ஏறுங்கன்னு விட்டுட்டேன்."

"சரி," என்றேன், கடைசித் துருப்புச் சீட்டாக. "இனிமே உன்கூட நானும் வியாழக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். துணைக்கு."

"அதெல்லாம் வேண்டாம். வியாழக்கிழமை நாலு மணி என்னோடது. யாருக்கும் விட்டுத் தரமாட்டேன். உங்களுக்கு வேற நேரம் வாங்கிக்குங்க."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் நேரம் வாங்க முன்னறை மேஜைக்குப் போனேன்.

"அடுத்த சனிக்கிழமை காலியா இருக்கு சார்," என்றாள் அங்கிருந்த பெண். "யார் பேருல போடட்டும்?"

என் பெயரைச் சொன்னேன்.

"கேக்கலை சார்."

இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.