சேப்பங்கிழங்குச் சட்டியில் ஒரு கரண்டி மிசோ

ஷிஷிடோவின் வலது கையிலிருந்த கரண்டி காலியாக இருந்தது. ஒரு நொடி முன்பு அதில் மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது, இருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்றாள் சயோரி.

"நான் பண்ணல. கை பண்ணிடுச்சு."

உண்மைதான். செண்டாயில் பிறந்த கை அது. இலையுதிர் காலம், ஆற்றங்கரை, கொதிக்கும் சேப்பங்கிழங்கு, மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர்க் கை தானாக மிசோவைத் தேடும். 'பொண்ணு வீட்டுக்குக் குடுடா' என்று அவன் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா காலடிப் பையில் திறந்தே கிடந்தது.

ஆனால் இது செண்டாய் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம், யமகதா. இங்கே இமோனி என்கிற இந்தச் சேப்பங்கிழங்குக் குழம்பு என்றால் மாட்டிறைச்சி, சோயா சாஸ். மிசோ என்ற பேச்சே கூடாது. சட்டியோ சயோரியின் அப்பா ஒகாட்டாவுடையது. முதல் கிண்ணம் காலியானதும் அவரிடம்தான் பெண் கேட்க வேண்டும்.

ஒகாட்டா விறகோடு வந்தார். நல்ல வெயிலிலும் மேல்சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தார். குனிந்து சட்டியை மோந்தார். ஷிஷிடோ மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டான்.

"பக்கத்து அடுப்பப் பாத்தியா தம்பி? பன்னிக்கறியும் மிசோவும். செண்டாய்க்காரனுங்க! அதுக்குப் பேரு இமோனியா? வெறும் பன்னி சூப்பு. அத வீட்லயே குடிச்சிட்டுப் படுக்க வேண்டியதுதானே?"

"அதானே சார்," என்றான் ஷிஷிடோ, பெற்ற தாயைத் தெரியாது என்று சொல்பவனின் குரலில்.

"ஆமா, உனக்கு எந்த ஊரு?"

"கிழக்கால சார்."

"கிழக்கால எவ்வளவு தூரம்?"

"கொஞ்சம்."

ஒகாட்டா அவனை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி பத்தல. போய்ப் பிடிச்சிட்டு வா. சயோரி, நீ போய் அம்மாவுக்குக் கிண்ணம் தொடச்சுக் குடு."

வாளியோடு திரும்பியபோது குழம்பு இன்னும் பழுப்பாகியிருந்தது.

"கரையக் கரைய நிறம் ஏறுது போல," என்று முணுமுணுத்து, மறைப்பதற்காக அரை பாட்டில் சோயா சாஸைக் கவிழ்த்தான். சயோரி ஓடிவந்து ருசி பார்த்தாள். அவள் முகம் ஊறுகாயாகச் சுருங்கியது.

"சர்க்கரை போடு."

போட்டான்.

"இப்ப மருந்து மாதிரி இருக்கு. தண்ணி ஊத்து."

ஊற்றினான். ஒகாட்டா மறுபடி வந்து மோந்தார். நெற்றி சுருங்கியது.

"வெங்காயத்தாள் பத்தாது. ரெண்டு பேருமா போய் வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல."

இருந்த வெங்காயத்தாளே ஒரு கட்டு மிச்சம். யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை.

வாங்கிக்கொண்டு வரும்போது மிசோ வாசம் பாலத்திலேயே எதிர்கொண்டு அழைத்தது.

"சத்தியமா ஒரு கரண்டிதான்!" ஷிஷிடோவுக்கு அழுகை வந்தது. "கடைசியா போடறதுக்குக் கறி மசாலாக் கட்டி வச்சிருக்கீங்கல்ல, அத இப்பவே போட்டுடலாமா?"

"அது மிச்சக் குழம்புல நூடுல்ஸோட போடறது. முதல் கிண்ணத்துக்கு முன்னாடியே போட்டா, அப்பா கிழங்க விட்டுட்டு உன் தோலை உரிப்பார்."

"அப்ப தண்ணி?"

"வேற வழி?"

முழு வாளியையும் ஊற்றினான். சட்டி பொங்கி வழிந்தது. அடுப்பு சீறி அணைந்தது. எழுந்த புகையில் பக்கத்து செண்டாய்க்காரர்கள்கூட இருமினார்கள்.

பாயில் இருந்த சயோரியின் அம்மா எழுந்து வந்தாள். கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

ஒகாட்டாவின் காதுகள் இரண்டும் சிவந்துவிட்டன. கல்யாணப் பேச்சு இதோடு முடிந்தது என்று ஷிஷிடோ புரிந்துகொண்டான். கூழாங்கற்களில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க! அந்த மிசோவ..."

அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க, என்னைப் பொண்ணு கேக்க வந்த அன்னிக்கு எங்கப்பா சட்டில போட்டீங்க, போகட்டும், இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, மாப்பிள்ளை வந்திருக்கிற நாள்லகூடவா அந்த மிசோ டப்பாவச் சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வரணும்?"