டமார் சாரின் அலுமினியத் தட்டு

சாத்தூர்ப் பக்கம் ஆசிரியர் பயிற்சி முடித்தவர் யாராக இருந்தாலும், முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டார். எல்லாம் எங்கள் டமார் சார் பண்ணிய வேலை.

பட்டாசுக் கம்பெனி வேலியை ஒட்டிய ஊர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்வது அவர் உத்தியோகம். பையில் புத்தகம் இருக்காது, ஒரு அலுமினியத் தட்டுதான் இருக்கும். நாங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடம் நடத்தும்போது பூனைபோலப் பின்னால் வந்து அதைத் தரையில் போடுவார். டமார். ஜன்னல் பக்கம் திரும்பினால் அன்றைக்கு மார்க் பூஜ்யம்.

"எதுக்கு சார் இப்படி உசுர வாங்குறீக?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அங்கன படிக்கிற பிள்ளைகளோட ஆத்தா அப்பன் அம்புட்டுப் பேரும் கம்பெனிக்குள்ள இருப்பாகம்மா. சத்தம் கேட்டா பிள்ளைக உன் மூஞ்சியத்தான் பாக்கும். நீ ஜன்னலப் பாத்தே, அம்புட்டும் நெருப்பப் பாத்து ஓடிரும்."

என் தோழி கல்யாணத்திலும் தாலி கட்டும் நேரம் பார்த்துத் தட்டைப் போட்டார். மாப்பிள்ளை துள்ளினார், மணப்பெண் அசையவில்லை. "என் ஸ்டூடண்ட்" என்று பந்தி முடியும்வரை பீற்றிக்கொண்டார் மனிதர்.

எனக்குக் கடைசித் தேர்வு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில். மூன்றாம் வகுப்பு, நாலாம் வாய்ப்பாடு. சார் கடைசி பெஞ்சில் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தார். பாதிப் பாடத்தில் சத்தம் வந்தது. தட்டுச் சத்தம் இல்லை. கரும்பலகை அதிர்ந்து சாக்பீஸ் உருண்டது.

அத்தனை பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

முன்னால் இருந்த சிறுமி மெல்ல எழுந்தாள். "டீச்சர், எங்கம்மா அங்கனதான் இருக்கா."

ஓடிப்போய்க் கதவைச் சாத்தலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "என் கையப் பிடிச்சுக்க. எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க."

நாலாம் வாய்ப்பாட்டை எத்தனை தடவை சொன்னோமோ தெரியாது. அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது. ஒரு பிள்ளையும் வாசலுக்குப் போகவில்லை.

தலைமையாசிரியர் மூச்சு வாங்க வந்தார். "ஷெட்டு மட்டும்தான் போச்சு. ஆளுக அம்புட்டும் டீ குடிக்க வெளிய வந்திருந்தாக. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல."

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரைத் தேடினேன். கடைசி பெஞ்ச் காலி. சார் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சார், நீங்க திரும்பிட்டீக."

"ஆமாம்மா" என்றார், இன்னும் புகையைப் பார்த்தபடியே. "எனக்குப் பூஜ்யம் போட்டுரு."

இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பூஜ்யத்தைப் போட எனக்கு மனசு வரவில்லை.