பலகை ஏறிய மணப்பெண்

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு பெரிய மனிதரின் மனைவி குத்துவிளக்கு ஏற்றக் குனிந்தபோது, அவருடைய பட்டு முந்தானை தோளிலிருந்து நழுவி விழுந்தது. நாடு பொறுத்துக்கொண்டது, சர்க்கார் பொறுக்கவில்லை. ஆரணியில் நெய்யப்படும் ஒவ்வொரு பட்டுப்புடவையும் உராய்வுச் சோதனையில் தேறி, முத்திரை பெற்ற பிறகே உடுத்தப்பட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

சோதனை அதிகாரி ஜெயச்சந்திரன் ஒரு தேக்குப் பலகையோடு வந்து இறங்கினார். புடவையைப் பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனை ஓட்டையில் கயிறு கட்டி மெல்லத் தூக்குவார். முப்பது டிகிரி சாய்வு வரைக்கும் நழுவாவிட்டால் முத்திரை. நழுவினால் பறிமுதல்.

நெசவாளி பரசுராமன், மகள் கற்பகத்தின் கல்யாணத்துக்குத் தன் கையால் நெய்த புடவையைக் கொண்டுபோனார். அது பாதிச் சாய்விலேயே சறுக்கி, அதிகாரியின் மடியில் போய் உட்கார்ந்தது.

"வழுக்குதே," என்றார் ஜெயச்சந்திரன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"பட்டு வழுக்காம சொரசொரன்னா இருக்கும்? இன்னா சார், பேஜாரா கீது! விடிஞ்சா கல்யாணம்!"

பரசுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரியும் மனிதர்தானே, விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உபயோகிக்கிற நிலையிலயும் சோதிக்கலாம்னு இருக்கு. பொண்ணு புடவையக் கட்டிகினு வந்து பலகையில உக்காரட்டும்."

"அது கொஞ்சம் பூசினாப்ல உடம்புங்க. ஜல்தியா சறுக்கிடுமே?"

"கனத்துக்கும் நழுவுற சாய்வுக்கும் சம்பந்தமே இல்ல. சயின்ஸ்."

ஒல்லி, குண்டு என்று பேதம் பார்க்காத ஒரே சர்க்கார் சோதனை இதுதான். அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

கற்பகம் உட்கார்ந்தாள். பலகை ஏறியது. முப்பதைத் தாண்டி நாற்பதுக்குப் போயும் பெண் அசையவில்லை. கயிறு கட்ட இன்னொரு ஓட்டை பலகையில் இருந்தது. புடவைக் கொசுவத்தின் மறைவில் அவள் கால் கட்டைவிரல் அதில் சொருகியிருந்தது. அதைப் பார்த்த பரசுராமன், சட்டென்று விட்டத்தைப் பார்த்தார். கல்யாணப் பெண்ணின் காலை உற்றுப் பார்ப்பது அதிகாரிக்கு அழகல்ல. ஆகவே முத்திரை விழுந்தது.

மறுநாள் வீங்கிய விரலோடு கற்பகம் நொண்டி நொண்டி மணவறையைச் சுற்றினாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறியது.

"ஒண்ணுமில்லீங்க, பலகை ஏறின பொண்ணு," என்றார் பரசுராமன்.

"அட, சர்க்காரே சோதிச்சு அனுப்பின மருமவளா!" மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்திலிருந்து ஆரணியில் நொண்டாத மணப்பெண்ணுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. பலகை பக்கமே போகாத பெண்களும் நொண்டிப் பழகினார்கள். சர்க்கார் சோதனையை ரத்து செய்தபோது, அதைச் சபித்த நெசவாளிகளே மறியல் செய்து பலகையை மீட்டார்கள்.

பிறகு பரசுராமன் மகனுக்குப் பெண் பார்க்கப் போளூர் போனார். நல்ல குடும்பம். பெண் ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி கிருஷ்ணம்மாள் கேட்டாள்: "பொண்ணு லட்சணமா கீதே. முடிச்சிடலாமா?"

"நீ சரியா கவனிக்கல," என்றார் பரசுராமன். "நேரா நடக்குது."