ஞானசேகரத்தாரின் அடர்த்தி

தன் உடம்பில் இருப்பது கொழுப்பல்ல, எலும்புதான் என்று உலகத்துக்கு நிரூபித்தே தீருவதென அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஞானசேகரம் முடிவெடுத்தார். உலகம் என்றால் மனைவி பூரணி.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது தொண்ணூற்றிரண்டு கிலோ. அன்றைக்கே அரிசிமாப் பிட்டும் அறக்குளா மீன் குழம்பும் வீட்டைவிட்டுப் போயின. குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டு வந்து குந்திக்கொண்டது. திருகோணமலைத் துறைமுக வாசலில் இருபது வருடமாக லொறி நிறுக்கிற மனிதர் அவர். ஊரான் பாரத்தையெல்லாம் எழுதிய கைக்குத் தன் பாரம் பொறுக்கவில்லை.

நிறையை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல ஏலாது என்றார். எவ்வளவு இடம் அடைக்கிறது என்றும் பார்க்கவேண்டும். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதைவிடப் பாரமென்றால் எலும்பு, லேசென்றால் கொழுப்பு.

பூரணி தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். எண்ணெயை வடித்தபடியே கேட்டாள்.

"சரி, அளந்து காட்டுங்கோ. எலும்பெண்டால் மத்தியானமே அரிசிமாப் பிட்டு. கொழுப்பெண்டால் ஆறு மாசம் குரக்கன்."

கிணற்றடியில் தண்ணீர்ப் பீப்பாயாக நீலப் பரல் ஒன்று இருந்தது. இருபது வாளி இறைத்து அதை விளிம்புமட்டும் நிரப்பினார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, மூக்கைப் பொத்தி, தலையும் தெரியாமல் அமிழ்ந்தார். தண்ணீர் நாலாபக்கமும் வழிந்தது. இனிப் பரலை மறுபடி நிரப்ப எத்தனை லீட்டர் பிடிக்கிறதோ அதுதான் அவர் அடைத்த இடம். ஏறும்போது இடுப்பில் சிக்கிக்கொண்டார். அது எலும்பு என்றார்.

தலை துவட்டிக்கொண்டு வரும்வரை ஒன்றிலும் கைவைக்கவேண்டாம் என்று பூரணியிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பத்து லீட்டர் வாளியால் எண்ணி எண்ணி ஊற்றினார். சரியாகப் பத்து வாளி. நூறு லீட்டர்.

கடதாசியில் எழுதி நூறைத் தொண்ணூற்றிரண்டால் பிரித்தார். ஒன்று தசம் பூச்சியம் எட்டு. ஒன்றுக்கு மேல். எலும்பு! பிறகு ஒரு சந்தேகம் வந்து மறுவளமாகப் பிரித்தார். பூச்சியம் தசம் ஒன்பது இரண்டு. கொழுப்பு. ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருக்கலாம்?

"பூரணி, கிலோவை லீட்டரால பிரிக்கிறதோ, லீட்டரைக் கிலோவாலயோ?"

"சின்னதைப் பெரிசால பிரியுங்கோ. அதுதான் முறை."

அவள் சொன்ன விதத்தில் அது சட்டம்போல இருந்தது. தொண்ணூற்றிரண்டை நூறால் பிரித்தார்.

"பூச்சியம் தசம் ஒன்பது இரண்டோ?" என்றாள் பூரணி. "எங்கட எண்ணெய்க்கும் அதுதானே கணக்கு. ஒரு லீட்டர் நிறுத்தால் தொள்ளாயிரத்து இருபது கிராம்."

மத்தியானம் குரக்கன் பிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வேலிப்பக்கம் பேச்சுக் கேட்டது. அடுத்த வீட்டு றிஷானாவிடம் பூரணி சொல்லிக்கொண்டிருந்தாள்: அவர் தலை துவட்டப் போன நேரம் பரலில் ஒரு வாளி அள்ளி மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டாளாம்.

ஞானசேகரம் எச்சில் கையோடு எழும்பி ஓடினார். அவள் மறுக்கவேயில்லை.

"ஓம், எடுத்தனான். அந்தப் பத்து லீட்டரைக் கழிச்சுப் பாருங்கோவன்."

கழித்தார். தொண்ணூறு லீட்டர், தொண்ணூற்றிரண்டு கிலோ. நீதி கிடைத்துவிட்டது என்று கடதாசியை எடுத்து, முறைப்படி, சின்னதைப் பெரிசால் பிரித்தார். பூச்சியம் தசம் ஒன்பது ஏழு. இன்னொருமுறை பிரித்தார். அதேதான். சின்னதைப் பெரிசால் பிரித்தால் உலகத்தில் எதுவுமே ஒன்றைத் தாண்டாது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

"கொஞ்சம் திறமான எண்ணெய்," என்று சொல்லிப் பூரணி இன்னும் ஒரு அகப்பை குரக்கன் பிட்டு வைத்தாள்.